வெருலம் ஓடைத் தண்ணீர்: பிரிவு 35 கடிதத்துக்கு என்ன பதில் எழுதுவது?

வெருலம்_தோட்டம்:

வணக்கம். தென்னாப்பிரிக்காவில் வெருலம் ஊருக்கு மேலே, ம்ட்லோட்டி ஆற்றில் போய்ச் சேரும் ஒரு சின்ன ஓடையை ஒட்டி எங்களுக்கு 14 ஹெக்டேர் நிலம் இருக்கிறது. பத்தில் கரும்பு, மீதி நான்கில் கத்தரி, மிளகாய், மடும்பி (சேம்பு). எழுபதுகளில் தாத்தா ஓடையின் குறுக்கே போட்ட மண் அணையிலிருந்துதான் பம்ப் இழுக்கிறோம்.

போன மாதம் தண்ணீர்த் துறையிலிருந்து பிரிவு 35 கடிதம் வந்தது. 1998 தேசிய நீர்ச் சட்டம் வருவதற்கு முந்தைய இரண்டு வருடத்தில் எவ்வளவு தண்ணீர் எடுத்தீர்கள், சட்டப்படிதான் எடுத்தீர்களா, ஆதாரம் கொடுங்கள் என்கிறார்கள். அப்பா பதிவுச் சான்றிதழைக் காட்டி "இது போதும்டா" என்கிறார். ஆனால் 1997 தொடக்கத்தில் தாத்தாவுக்குப் பக்கவாதம் வந்தது. அதே மாதம் பம்பும் திருட்டுப் போனது. 1998 முடியும்வரை தோட்டம் தரிசுதான்.

இது போதாதென்று, மேல்பக்க நிலத்துக்காரர் மூன்று வருடத்துக்கு முன் புது அணை கட்டினார். அன்றிலிருந்து ஆகஸ்டில் எங்கள் ஓடை வற்றிவிடுகிறது.

ஒரு ஆலோசகரிடம் கேட்டேன். ஓடையில் எவ்வளவு தண்ணீர் ஓடும் என்று கம்ப்யூட்டர் மாடல் போட்டுத் தருகிறேன் என்று ஒரு தொகை சொன்னார். அந்தப் பணத்துக்கு ஒரு பழைய பக்கி (சின்ன சரக்கு வண்டி) வாங்கலாம். மாடல் உண்மையிலேயே தேவையா?

வீ_வெட்டு:

தம்பி, ஓடைகளில் அளவுகோல் நட்டே இருபது வருடத்துக்கு மேல் ஓட்டியவன் நான். மாடல் அப்புறம். முதலில் வீட்டில் இருக்கும் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

அப்பா கையில் இருப்பது 'இவ்வளவு எடுக்கிறேன்' என்று நீங்களே சொல்லிப் பதிந்த தாள். அதை வைத்துக் கட்டணம் போடலாம், உரிமை கோர முடியாது. துறை பார்ப்பது 1 அக்டோபர் 1996 முதல் 30 செப்டம்பர் 1998 வரை என்ன நடந்தது என்பதை. பிரிவு 32இல் அந்த இரண்டு வருடத்துக்குள் 'எந்த நேரத்திலாவது' நடந்த பயன்பாடு என்றுதான் இருக்கிறது. முழுக்க ஓடியிருக்க வேண்டியதில்லை. 1996 அக்டோபரிலிருந்து தாத்தா படுக்கும்வரை பம்ப் ஓடியது என்று காட்டினால் கதவு திறக்கும். அதற்கு முன்பே நின்றிருந்தால், தகுந்த காரணத்தால் நிறுத்தினோம் என்று பிரிவு 33 வழியாகக் கேட்க வேண்டும். அது சுற்றுவழி.

சிக்கல் என்னவென்றால், உங்களுக்குக் கிடைப்பது மழைக்கால மாதங்கள். துறை லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களை எடுத்துப் பார்க்கும். ஜூலை, ஆகஸ்ட் படமாக இருந்தால் சுற்றிலும் காய்ந்து கிடக்கும்போது பாய்ச்சின தோட்டம் மட்டும் பச்சையாகத் தெரியும். டிசம்பரில் எல்லாமே பச்சை! அதோடு அந்தப் படத்தில் ஒரு புள்ளி 30 மீட்டருக்கு 30 மீட்டர். உங்கள் நான்கு ஹெக்டேர் மொத்தமே 44 புள்ளிதான். ஓரத்துப் புள்ளிகளில் பாதி கரும்பு கலந்திருக்கும். அந்தக் காலத்து விமானப் படம் கிடைத்தால் மேல்; அணையும் பாத்திகளும் தெளிவாகத் தெரியும். அதையும்விட நம்பகமானது தேதி போட்ட காகிதம்: மார்க்கெட் சீட்டு, டீசல் பில், நாற்று வாங்கிய ரசீது.

மாடல் விஷயம். நாட்டை 1,946 நாலாம்படி நீர்ப்பிடிப்புகளாக, அதாவது மழைநீர் ஒரே ஆற்றில் வடியும் பகுதிகளாக, பிரித்து வைத்திருக்கிறார்கள். ஓட்டக் கணக்குகள் பெரும்பாலும் அந்த அளவில்தான். உங்கள் ஓடை அதில் ஒரு நரம்பு. அந்த எண்ணைப் பரப்பளவு விகிதத்தில் சுருக்கித் தருவதற்கு ஒரு பக்கி விலையா?

மேல் அணைத் தகராறு வேறு கதை. அங்கே அளந்தே ஆகவேண்டும். வறட்சியால் வற்றியது என்று அவர் சொல்வார், அணையால் என்று நீங்கள் சொல்வீர்கள். மவுண்ட் எட்ஜ்கோம்பில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அவர்களிடம் மழைப் பதிவு கேளுங்கள். ஓடையின் குறுக்கே ஒரு வீ வெட்டுப் பலகை (ஓட்டத்தை அளக்க V வடிவில் வெட்டிய பலகை) வையுங்கள். 90 பாகை வெட்டில் 10 செ.மீ. நீர் நின்றால் வினாடிக்கு சுமார் 4.4 லிட்டர். 5 செ.மீ. நின்றால் பாதி இல்லை, 0.8 லிட்டர்கூடத் தேறாது! கண்ணால் பார்த்து 'கொஞ்சம் குறைந்திருக்கிறது' என்று சொல்வது இதனால்தான் செல்லாது. தினமும் காலையில் படித்து எழுதுங்கள். பக்கத்தில் அணையில்லாத இன்னொரு ஓடையிலும் படித்தால் வறட்சியையும் அணையையும் பிரித்துவிடலாம். அவர் அணைக்கு உரிமம் இருக்கிறதா என்று துறையிடம் எழுத்தில் கேளுங்கள். தண்ணீரைத் தேக்குவதும் பிரிவு 21இல் தனிப் பயன்பாடுதான்.

டோங்காட்_அக்கா:

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் கரும்பையும் சேர்த்து மொத்த நிலத்துக்கும் பாசனம் என்று எழுதிவிட்டார். மானாவாரிக் கரும்பு என்று படத்தைப் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிட்டார்கள். அதற்கப்புறம் உண்மையாகப் பாய்ச்சின காய்கறிக்கும் எங்கள் பேச்சை யாரும் நம்பவில்லை. தம்பி, நான்கு ஹெக்டேர் என்றால் நான்கு மட்டும் எழுதுங்கள். உரிமம் பற்றிய முடிவில் நீர்த் தீர்ப்பாயத்துக்குப் போகும்படி ஆனால் 30 நாள்தான். கடித உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், தேதி அதில்தான்.

வெருலம்_தோட்டம்:

மாமா, பெட்டியில் தாத்தாவின் கணக்கு நோட்டு கிடைத்தது! தமிழில் எழுதியிருக்கிறார். "1996 ஐப்பசி, கார்த்திகை, பம்புக்கு டீசல் 2 டிரம்" என்று ஒரு வரி. பக்கத்திலேயே கத்தரி விற்ற கணக்கு. இது செல்லுமா?

வீ_வெட்டு:

செல்லும். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து மாற்றி, அப்பாவின் வாக்குமூலத்தோடு சேருங்கள்.

ஐப்பசி அக்டோபர் நடுவில்தான் பிறக்கும், அதனால் இரண்டு மாதமும் காலவரைக்குள் வருகிறது. இனி அந்த வரியைத் தண்ணீராக்கலாம். டிரம்முக்கு 210 லிட்டர் என்றால் 420 லிட்டர். அந்த எஞ்சின் மணிக்கு 2 லிட்டர் குடித்திருந்தால் 210 மணி நேரம் ஓடியிருக்கிறது. பம்ப் வினாடிக்கு 8 லிட்டர் தள்ளினால் மணிக்கு 28.8 கனமீட்டர், மொத்தம் 6,048 கனமீட்டர். நான்கு ஹெக்டேரில் பரப்பினால் 151 மில்லிமீட்டர். இரண்டு மாதக் கத்தரிக்கு நம்பக்கூடிய அளவுதான். எஞ்சின், பம்ப் எண்கள் இரண்டும் என் ஊகம். என்ன மாடல் என்று அப்பாவிடம் கேளுங்கள். அதே மாதிரி ஒன்று யாரிடமாவது ஓடினால் அளந்துவிடலாம். வருடத்துக்கு எவ்வளவு என்பதை அப்புறம் பயிர்த் தேவைக் கணக்கு வைத்து நீட்டலாம்.

சனிக்கிழமை காலை வருகிறேன், பலகை என்னிடமே இருக்கிறது. அணையின் ஆழமும் பார்க்க வேண்டும். படகு வேண்டாம், ஒரு லாரி டியூபும் முடிச்சுப் போட்ட கயிறும் தயாராக வையுங்கள்.