சின்ன தனியார் கல்லூரியில் சேர்க்கலாமா? படித்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். அக்கா மகளுக்குக் கட்ஆஃப் 135, பொறியியல் கலந்தாய்வில் கடைசிச் சுற்றில்தான் வருவாள். ஊருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன தனியார் கல்லூரியைப் பார்த்துவிட்டு வந்தோம். வகுப்புக்கு முப்பது பேர்தான், ஆசிரியர்கள் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) அனுமதி, அண்ணா பல்கலைக்கழக இணைப்பு இரண்டும் இருக்கிறது, ஆனால் அவள் கேட்கும் ஈசிஇ (எலக்ட்ரானிக்ஸ்) பிரிவுக்கு என்பிஏ என்ற தர அங்கீகாரம் இல்லை (அதைக் கல்லூரிக்கு மொத்தமாகத் தரமாட்டார்கள், பிரிவு பிரிவாகத்தான், அதனால் போர்டை மட்டும் பார்த்து நம்ப வேண்டாம்). ஆய்வகத்தில் மின் சிக்னலைப் பார்க்கும் ஆசிலோஸ்கோப்புகள் உறை கூடப் பிரிக்காமல் அலமாரியில் இருந்தன.

அப்புறம், ஒரிஜினல் சான்றிதழ்களை நான்கு வருடமும் அவர்களே வைத்துக்கொள்வார்களாம்! அப்படிப் பிடித்து வைக்கக் கூடாது என்று ஏஐசிடிஇ தெளிவாகச் சொல்லியிருக்கிறதே, உங்கள் கல்லூரியில் எப்படிச் சமாளித்தீர்கள்?

குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகையை உடனே கழித்தார்களா, இல்லை முழுப் பணத்தையும் கட்டச் சொன்னார்களா? பஸ், பிளேஸ்மென்ட் பயிற்சி என்று தனியாக எவ்வளவு போனது? எனக்குப் பெரிய பயம், சேர்க்கை குறைந்து பாதியில் பிரிவையே மூடிவிட்டால் பிள்ளைகளை எங்கே அனுப்புவார்கள் என்பதுதான். அப்படி மாற்றப்பட்டவர்கள் யாராவது இருந்தால் கண்டிப்பாக எழுதுங்கள், கலந்தாய்வில் கல்லூரி விருப்பப் பட்டியலை உறுதி (சாய்ஸ் லாக்) செய்வதற்குள் முடிவெடுக்க வேண்டும்.