ஜெர்மனியில் ஈ-ஸ்கூட்டர் வாங்கப் போகிறவர்களுக்கு

அக்டோபர் செமஸ்டர் ஆரம்பித்ததும் இந்தக் கேள்வி வந்துவிடும்: "அண்ணா, ரூமிலிருந்து யூனிவர்சிட்டி மூன்று கிலோமீட்டர். ஈ-ஸ்கூட்டர் வாங்கலாமா, லைசென்ஸ் வேண்டுமா?"

தாராளமாக வாங்கலாம். லைசென்ஸ் வேண்டாம், 14 வயது முடிந்திருந்தால் போதும். ஹெல்மெட்கூடச் சட்டப்படி கட்டாயமில்லை (போட்டுக்கொள்ளுங்கள், டிராம் தண்டவாளத்தில் அந்தச் சின்னச் சக்கரம் மாட்டினால் தெரியும்). இதையெல்லாம் கேட்டதும் "அப்ப சைக்கிள் மாதிரிதான்" என்று முடிவு கட்டிவிடுகிறோம். அங்கேதான் சறுக்குகிறது.

நான் சொல்வது நம்மூர் ஓலா, ஏத்தர் மாதிரி வண்டி இல்லை, நின்றுகொண்டு ஓட்டுவது. பார்க்கப் பொம்மை போல இருந்தாலும், 2019 ஜூன் 15 முதல் அமலில் இருக்கும் விதிகளின்படி அது மோட்டார் வாகனம். இன்சூரன்ஸ், குடி, போன் எல்லாவற்றிலும் கார்க்காரருக்குள்ள கெடுபிடிதான்.

என் அறைத்தோழன் ஒருவன் ஆன்லைனில் மலிவாக ஒன்று வாங்கினான். 25 கிலோமீட்டர் வேகம் போகும் என்று பெருமை வேறு. இன்சூரன்ஸ் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. இங்கே சாலையில் ஓட்ட வண்டி மாடலுக்கு ஆ-பே-ஏ என்ற அரசு அனுமதி வேண்டும், வேகம் 20-ஐத் தாண்டக் கூடாது. அவன் வண்டிக்கு அனுமதி இல்லை, அதனால் இன்சூரன்ஸும் இல்லை. ஆறு மாதம் பால்கனியில் துணி காயப் போட உதவியது.

அதனால் பணம் கட்டும் முன் வண்டியைத் திருப்பிப் பாருங்கள். கால் வைக்கும் பலகையின் அடியிலோ தண்டிலோ ஒரு சிறிய தகடு இருக்கும். அதில் 'எலெக்ட்ரோக்ளைன்ஸ்ட்ஃபார்ட்சாய்க்' (மிகச் சிறிய மின்வாகனம்) என்ற நீள வார்த்தை, அதிகபட்ச வேகம், அனுமதி எண், சேசிஸ் நம்பர் இருந்தால் சரி. செகண்ட் ஹேண்ட் வாங்கினால் அந்தத் தகட்டை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.

இன்சூரன்ஸ் வருடத்துக்கு ஏறக்குறைய 20 முதல் 40 யூரோ. உள்ளங்கைக்குள் அடங்கும் ஸ்டிக்கர் ஒன்று தபாலில் வரும், பின்பக்கம் ஒட்ட வேண்டும். ஒட்டும் இடத்தைப் பிசுக்கில்லாமல் துடைத்துவிட்டு வீட்டுக்குள் வைத்தே ஒட்டுங்கள், குளிரில் சரியாகப் பிடிக்காது. வாங்கிய தேதியிலிருந்து ஒரு வருடம் என்று நினைத்துவிடாதீர்கள். எப்போது வாங்கினாலும் பிப்ரவரி கடைசியோடு முடிந்துவிடும், மார்ச் 1-க்குப் புது ஸ்டிக்கர் வேண்டும். கறுப்பு, நீலம், பச்சை என்று வருடத்துக்கு ஒரு நிறம், போலீஸ் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடும். ஸ்டிக்கர் ஒட்டாவிட்டால் 40 யூரோ அபராதம். இன்சூரன்ஸே இல்லாமல் ஓட்டினால் அபராதத்தோடு போகாது, அது குற்ற வழக்கு. குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது தண்டனைப் பதிவையும் பார்ப்பார்கள்.

"வந்த முதல் மாதமே ஹாஃப்ட்ஃப்ளிஷ்ட் எடுத்துவிட்டேனே" என்று சிலர் சொல்வதுண்டு. அது தனிநபர் பொறுப்புக் காப்பீடு, பொதுவாக மோட்டார் வாகனத்தால் வரும் சேதத்துக்குப் பொருந்தாது. வாடகை ஸ்கூட்டரில் இந்தத் தலைவலி இல்லை, இன்சூரன்ஸ் வாடகைக்கு விடும் கம்பெனியின் பொறுப்பு. ஆனால் விதி மீறினால் தண்டம் உங்களுக்குத்தான்.

சைக்கிள் பாதை இருந்தால் அதில்தான் போக வேண்டும், இல்லாவிட்டால் சாலை. நடைபாதையில் கூடாது, ஆள் இல்லாத ஞாயிற்றுக்கிழமையிலும் கூடாது. ஒரு வண்டியில் ஒரே ஆள். நண்பனைப் பின்னால் நிறுத்திக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போவதெல்லாம் வேண்டாம்.

குடி விஷயம் இன்னும் கடுமை. ரத்தத்தில் ஆல்கஹால் 0.5 புரோமில் (ஆயிரத்தில் அரைப் பங்கு) தொட்டாலே 500 யூரோ அபராதம், போக்குவரத்துக் குற்றங்களைக் குறித்துவைக்கும் ஃப்ளென்ஸ்பூர்க் பதிவில் இரண்டு தண்டப் புள்ளி, ஒரு மாதம் வண்டி ஓட்டத் தடை. 1.1-க்கு மேல் போனால் குற்ற வழக்கு, கார் லைசென்ஸே பறிபோகலாம். 21 வயது ஆகாதவர்களுக்கும் ஜெர்மன் லைசென்ஸ் எடுத்து இரண்டு வருட ப்ரோபெட்ஸைட் என்ற சோதனைக் காலத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு சொட்டுகூட அனுமதி இல்லை. பார்ட்டி முடிந்து "கார்தானே எடுக்கக் கூடாது" என்று வாடகை ஸ்கூட்டரில் ஏறி மாட்டுகிறவர்கள் நிறைய.

ஒரு தம்பி, ஸ்கூட்டரோடு வரும் மொபைல் ஆப்பில் வேகத்தைக் கூட்டலாமா என்று கேட்டிருந்தார். கூட்டினால் அந்த ஆ-பே-ஏ அனுமதி போச்சு. 20-க்கு மேல் போகும் வண்டிக்கு லைசென்ஸும் தேவைப்படும் என்பதால், லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிய வழக்கும் சேர்ந்துகொள்ளலாம். வேண்டாம் தம்பி.

அப்புறம், மடித்து ரயிலில் கொண்டுபோகும் திட்டத்தில் வாங்குகிறவர்கள் முதலில் உங்கள் ஊர்ப் போக்குவரத்து நிறுவனத்தின் விதியைப் பாருங்கள். பேட்டரி தீப்பிடிக்கும் என்ற பயத்தில் பல ஊர்களில் தடை செய்துவிட்டார்கள். பெர்லினில் 2024-லிருந்து பே-ஃபௌ-கே என்ற நகரப் போக்குவரத்து நிறுவனத்தின் மெட்ரோ, டிராம், பஸ் எதிலும் ஏற்ற முடியாது.