நாயகனின் கடந்த காலத்தை எப்போது திறப்பது?

கேள்வி:
வணக்கம். என் முதல் திரைக்கதையில் நாயகனின் பழைய வாழ்க்கை இடைவேளைக்குப் பிறகே வெளிப்படுகிறது. அதுவரையுள்ள காட்சிகள் வெறும் காத்திருப்பாக இருப்பதாகப் படித்தவர்கள் சொல்கிறார்கள். எப்படிச் சரிசெய்யலாம்?

மறுமொழி 1:
1995இல் வெளிவந்த ‘பாட்ஷா’வை மீண்டும் பாருங்கள். தங்கைக்குக் கல்லூரியில் இடம் கேட்டுச் செல்லும் ஆட்டோ ஓட்டுநர் மாணிக்கம், தனக்கு இன்னொரு பெயர் உண்டு என்று சொல்லத் தொடங்கியதும், கண்ணாடிக்கு வெளியே நிற்கும் தங்கையின் பார்வைக்குக் காட்சி மாறிவிடுகிறது. அவர் சொல்வது நமக்குக் கேட்பதில்லை. எதிரில் இருப்பவரின் முகம் மாறுவது மட்டும் தெரிகிறது. ரகசியத்தைச் சொல்லாமலேயே அதன் எடையைக் காட்டிய இந்த எழுத்தை நான் எத்தனை முறை படித்தாலும் வியக்கிறேன்.

மறுமொழி 2:
நண்பர் சொல்வது சரியே. ஆயினும் அதற்கு இணையாக, கம்பத்தில் கட்டிவைத்து அடிக்கப்படும் காட்சியையும் கவனிக்க வேண்டும். தம்பிக்கு விழ வேண்டிய அடியை மாணிக்கம் திருப்பி அடிக்காமல் தாங்குகிறார். அடக்கத்துக்கு ஒரு காரணமும் விலையும் இருப்பதால்தான், பின்னர் தங்கையின் மேல் கைவைக்கப்படும்போது அது உடைவதை அரங்கமே எதிர்பார்க்கிறது. உங்கள் நாயகன் எதற்காக மறைக்கிறான்?

கேள்வி கேட்டவர்:
அந்தக் காரணத்தை நான் எழுதவேயில்லை, ஐயா. முதல் காட்சியிலிருந்து திருத்தத் தொடங்குகிறேன்.