ஐசிஎம்பியை மொத்தமாக அடைக்கலாமா?

அல்சூர்வாசி: எங்கள் சர்வர் அறை எலெக்ட்ரானிக் சிட்டியில் இருக்கிறது. தணிக்கைக்கு வந்தவர், ‘வெளியிலிருந்து பிங் போட்டால் பதில் வருகிறது’ என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். எல்லை ரவுட்டரில், உள்ளே வரும் பாக்கெட்டுகளை வடிகட்டும் ஏசிஎல் பட்டியலில், ஐசிஎம்பி (பிங்கும் நெட்வொர்க்கின் பிழைச் செய்திகளும் போகும் நெறிமுறை) முழுவதையும் மறுத்து ஒரு வரி போட்டேன். மறுநாளே ஜெயநகர் கிளையிலிருந்து புகார். லாகின் ஆகிறதாம், சின்னப் பக்கங்கள் திறக்கின்றனவாம், ரிப்போர்ட் இறக்கினால் மட்டும் அப்படியே நின்றுவிடுகிறதாம். இரண்டுக்கும் சம்பந்தம் இருக்குமா?

பூட்டுக்காரன்: இருக்காது. நான் எப்போதும் முழுசாகத்தான் அடைப்பேன். நெட்வொர்க்கில் எல்லாருக்கும் போகும் பிராட்காஸ்ட் முகவரிக்குப் போலி பிங் அனுப்பும் ஸ்மர்ஃப் தாக்குதல் மறந்துவிட்டதா? ரீடைரக்ட் என்ற ஐசிஎம்பி செய்தியை அனுப்பி வழியையே திருப்பிவிடலாம். கிளையில் லைனைப் பாருங்கள்.

மடிவாளா மாமா: லைன் மோசமென்றால் லாகினும் தடுமாறும், தம்பி. கிளையில் பிபிபிஓஇ (பிராட்பேண்டில் பயனர்பெயர் கொடுத்து இணையும் முறை) இணைப்புதானே? அதன் தலைப்பு 8 பைட்டைத் தின்றுவிடும். 1500 பைட் போக வேண்டிய இடத்தில் 1492தான் போகும். சர்வரோ 1500 பைட் பாக்கெட்டை ‘உடைக்காதே’ கொடியோடு அனுப்புகிறது. வழியில் உள்ள ரவுட்டர் அதைக் கீழே போட்டுவிட்டு, ‘பெரிசு, 1492க்குச் சுருக்கு’ என்று வகை 3, குறி 4 ஐசிஎம்பி செய்தி அனுப்பும். 1990இல் வந்த ஆர்எஃப்சி 1191 என்ற இணைய நெறிமுறை ஆவணம் சொல்லும் ஏற்பாடு இது. அந்தச் செய்தி உங்கள் வாசலிலேயே செத்துப்போகிறது. விஷயம் தெரியாத சர்வர் அதே பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும், பாவம்.

பூட்டுக்காரன்: எம்எஸ்எஸ்ஸை, அதாவது ஒரு பாக்கெட்டில் போகும் டேட்டாவின் உச்ச அளவை, 1452 ஆக்கினால் முடிந்தது. எதற்குத் திறக்க வேண்டும்? ‘சுருக்கு’ என்று எவனாவது போலியாக அனுப்பினால்?

மடிவாளா மாமா: எம்எஸ்எஸ் டிசிபி என்ற கடத்தல் நெறிமுறைக்கு மட்டும்தான். யுடிபி என்ற இன்னொன்றில் ஓடும் விபிஎன்னை என்ன செய்வீர்கள்? ஐபியின் புதிய பதிப்பான ஐபிவி6இல் நடுவழி ரவுட்டர் உடைக்கவே உடைக்காது, அங்கே இதை அடைத்தால் கதை கந்தல். போலிக்கும் பதில் இருக்கிறது: செய்திக்குள் மூல பாக்கெட்டின் தலைப்பும் வரும், அதிலுள்ள வரிசை எண் பொருந்துகிறதா என்று இன்றைய சிஸ்டங்கள் பார்க்கின்றன. ரீடைரக்டை அடையுங்கள், அதில் எனக்கும் சண்டையில்லை. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

அல்சூர்வாசி: கிளையிலிருந்து வெளி சர்வர் ஒன்றுக்கு உடைக்காதே கொடியோடு பிங் போட்டேன். 1472 பைட் போகவில்லை, 1464 போகிறது. தலைப்புகளின் 28ஐச் சேர்த்தால் 1492, மாமா சொன்ன அதே எண். உடனே வகை 3, குறி 4ஐ அனுமதித்து ஒரு வரி சேர்த்தேன். இன்னும் அப்படியேதான் நிற்கிறது!

மடிவாளா மாமா: வரியை எங்கே சேர்த்தீர்கள், கடைசியிலா?

அல்சூர்வாசி: ஐயோ, ஆமாம். மறுப்பு 10ஆம் வரி, இது 20. முதலில் பொருந்திய வரியோடு ஏசிஎல் நின்றுவிடும் என்பது மறந்தே போச்சு. 5க்கு மாற்றியதும் ரிப்போர்ட் இறங்கிவிட்டது. அந்த வரிக்குப் பொருந்திய பாக்கெட்டுகளை எண்ணும் கவுண்டரில் இப்போது 14.

பூட்டுக்காரன்: சரி, அது ஒன்றை மட்டும் விடுங்கள். பிங் கூடாது.

மடிவாளா மாமா: பாக்கெட்டின் ஆயுள் வழியில் முடிந்தது என்று சொல்லும் வகை 11ஐயும் விட்டுவையுங்கள். இல்லையென்றால், வழியிலுள்ள ரவுட்டர்களைக் காட்டும் ட்ரேஸ்ரூட் போட்டால் வெறும் நட்சத்திரமாகத்தான் வரும்.

பூட்டுக்காரன்: வரட்டும்.