கால்ப்ரோடெக்டின் 180 வந்திருக்கிறது, மறுபடி கொலனோஸ்கோப்பி தேவையா?

கேள்வி:
தங்கைக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடலில் அழற்சியும் புண்ணும் வரும் நாள்பட்ட நோய்). மெசலமைன் மாத்திரையில் நன்றாக இருக்கிறாள், ரத்தம் போவதும் நின்றுவிட்டது. டாக்டர் இந்த முறை கொலனோஸ்கோப்பி (கேமரா குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) வேண்டாம், மலத்தில் கால்ப்ரோடெக்டின் (குடலில் அழற்சி இருந்தால் கூடும் புரதம்) பாருங்கள் போதும் என்றார். ரிப்போர்ட்டில் 180. பக்கத்திலேயே '50க்குள் இருந்தால் இயல்பு' என்று போட்டிருக்கிறார்கள், அதைப் பார்த்ததிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. அடுத்த அப்பாயிண்ட்மென்ட் இரண்டு வாரம் கழித்துத்தான். நடுவில் முழங்கால் வலிக்கு டைக்ளோஃபினாக் போட்டாள், அதனால் ஏறியிருக்குமா? கொலனோஸ்கோப்பிக்காகப் பேதி மருந்து குடித்து அவள் பட்ட பாடு இன்னொரு முறை வேண்டாம்.

பதில் 1:
முதலில் அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள். அந்த 50 என்பது குடல் அழற்சி இருக்கிறதா இல்லையா என்று புதிதாகத் தேடும்போது பார்க்கிற அளவு. ஏற்கெனவே நோய் உள்ளவர்களுக்கு 150க்குக் கீழே இருந்தால் அடங்கியிருக்கிறது என்றும், 250ஐத் தாண்டினால் உள்ளே அழற்சி இருக்க வாய்ப்பு அதிகம் என்றும் பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். 180 இரண்டுக்கும் நடுவில். தொந்தரவு எதுவும் இல்லாதபோது சில மாதத்தில் திரும்பப் பார்ப்பதும் உண்டு, உள்ளே பார்த்துவிடலாம் என்று சொல்லும் டாக்டர்களும் உண்டு.

டைக்ளோஃபினாக் விஷயத்தை இரண்டு வாரம் காத்திருக்காமல் இன்றே போன் செய்து சொல்லுங்கள். அந்த வகை வலி மாத்திரைகள் இந்த எண்ணை ஏற்றும், கொலைட்டிஸைக் கிளப்பியும் விடலாம். மூட்டு வலியே இந்த நோயோடு சேர்ந்து வருவதுண்டு என்பதால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

பதில் 2:
எண்ணை விட அது எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் முக்கியம், அதனால் எப்போதும் ஒரே லேபில் கொடுங்கள். பரிசோதனைக் கிட் மாறினால் அதே மலத்துக்கே வேறு எண் வரும். காலையில் முதலில் போவதை எடுத்து, தண்ணீர் படாமல், அன்றைக்கே கொடுத்துவிடுவது நல்லது. வயிற்றுப்போக்குத் தொற்று இருக்கும்போது எடுக்காதீர்கள், அப்போதும் ஏறும்.

பதில் 3:
எனக்குக் க்ரோன்ஸ் (இதுவும் நாள்பட்ட குடல் அழற்சி நோய்தான்), சிறுகுடலில். என்னைப் போன்றவர்களுக்குப் புண் இருந்தும் எண் குறைவாகக் காட்டலாம், பெருங்குடல் நோய்க்கு இது இன்னும் நம்பகமானது. ஆனாலும் இந்த டெஸ்ட்டை நான் விடமாட்டேன். 2017இல் வெளிவந்த காம் ஆய்வில், க்ரோன்ஸ் நோயாளிகளுக்கு அறிகுறிகளோடு கால்ப்ரோடெக்டினையும் ரத்தத்தில் சிஆர்பி என்ற அழற்சி அளவையும் பார்த்து மருந்தைக் கூட்டிய குழுவில் 46 சதவீதம் பேருக்கு 48 வாரத்தில் குடல் புண் ஆறியிருந்தது. அது இல்லாமல் அறிகுறிகளை வைத்தே முடிவெடுத்த குழுவில் 30 சதவீதம். வயிறு சும்மா இருக்கிறது என்பதால் உள்ளே எல்லாம் சரி என்று அர்த்தமில்லை.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. டாக்டருக்கு போன் செய்தாயிற்று, டைக்ளோஃபினாக்கை நிறுத்திவிட்டு அதே லேபில் மறுபடி கொடுக்கச் சொன்னார். அப்படியானால் இனி கொலனோஸ்கோப்பியே வேண்டாமா?

பதில் 1:
அப்படி இல்லை. நோய் ஆரம்பித்து சுமார் 8 வருடம் ஆனதும் புற்றுநோய்க்கான கண்காணிப்பு தொடங்க வேண்டும், அதற்குக் கொலனோஸ்கோப்பிதான். மலப் பரிசோதனையில் அது தெரியாது. நடுவில் தேவையில்லாமல் கொலனோஸ்கோப்பி செய்வதைத்தான் இது குறைக்கும்.