பாலக்கோட்டிலிருந்து கடலைப் படிக்க வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு, விலங்கியல் இளங்கலை முடித்திருக்கிறேன். நீச்சல் பழகியது கிணற்றில்தான். போன தை மாதம் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊர்க் கடற்கரையில் தண்ணீர் வற்றியிருந்த நேரம் கரையோரக் கல் ஒன்றை மெல்லப் புரட்டினேன், அடியில் நட்சத்திர மீன் மாதிரி ஒன்று, ஆனால் கைகள் நூலாக மெலிந்தவை, ஐந்தையும் பாம்பு போல நெளித்துக்கொண்டு வெளிச்சம் படாத பக்கமாக நழுவிப் போய்விட்டது. கல்லை இருந்தபடியே வைத்துவிட்டு வந்தேன், மனசு மட்டும் அங்கேயே நின்றுவிட்டது. கடலுயிர்களை அடையாளம் கண்டு, வருகிறவர்களுக்குக் காட்டிச் சொல்லும் வேலைக்குத்தான் போக வேண்டும்.

பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தில் முதுகலை சேர்வதா, இல்லை முதலில் ஸ்கூபா (காற்று உருளையோடு கடலில் முங்குவது) கற்றுக்கொண்டு களத்தில் இறங்குவதா? படிப்புதான் முதலில் என்று எனக்குத் தோன்றுகிறது, பெயர் தெரியாமல் முங்கி என்ன பார்ப்பது. தையிலிருந்து பங்குனி வரை சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமை என்ற கடலாமையின் முட்டைகளைத் தேடி இரவில் நடக்கிறார்களே, அதில் புதியவர்களைச் சேர்த்துக்கொள்வார்களா? மன்னார் வளைகுடாவின் 21 தீவுப் பக்கம் வேலை பார்க்கும் அண்ணன், அக்கா யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். அப்புறம், கடல் என்றாலே அம்மாவுக்குப் பயம், அவரிடம் எப்படிப் பேசினீர்கள் என்பதையும் எழுதுங்கள்.