மழைத்துளிக்கு ஸ்டோக்ஸ் விதி பொருந்துமா?

கேள்வி (பதினொன்றாம் வகுப்பு மாணவி)

வணக்கம். 1 மி.மீ. ஆரமுள்ள மழைத்துளியின் முற்றுத் திசைவேகத்தை (விழும்போது இறுதியில் மாறாமல் நிலைக்கும் வேகம்), காற்றின் பாகியல் எண்ணை (பிசுபிசுப்பின் அளவு) 1.8 × 10⁻⁵ பாஸ்கல் விநாடி என எடுத்துக்கொண்டு, கோளத்தின் மீதான தடைவிசை அதன் வேகத்துக்கு நேர்விகிதம் என்னும் ஸ்டோக்ஸ் விதிப்படி கணக்கிட்டேன். விநாடிக்கு ஏறத்தாழ 120 மீட்டர், அதாவது மணிக்கு 430 கி.மீ. என்று விடை வருகிறது. அந்த வேகத்தில் விழுந்தால் குடை கிழிந்துவிடாதா? இரண்டு முறை சரிபார்த்தும் பிழை தெரியவில்லை.

பதில் 1

கணக்கில் பிழையில்லை, சூத்திரம்தான் இடம் மாறி வந்திருக்கிறது. துளியைச் சுற்றிக் காற்று குழப்பமின்றி வழுக்கிச் செல்லும் மெதுவான இயக்கத்துக்கு மட்டுமே ஸ்டோக்ஸ் விதி செல்லும், 0.01 மி.மீ. ஆரமுள்ள மேகத்துளிக்கு அது தரும் விநாடிக்கு 1.2 செ.மீ. என்ற விடை சரியானது. உங்கள் துளியின் பின்னாலோ காற்று சுழிக்கிறது, அதனால் தடைவிசை திசைவேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. துளியின் எடை சுமார் 41 மைக்ரோ நியூட்டன். காற்றின் அடர்த்தியை 1.2 கி.கி./மீ³ என்றும் கோளத்தின் இழுவைக் கெழுவை (வடிவத்தைப் பொறுத்துத் தடையைக் குறிக்கும் எண்) 0.5 என்றும் கொண்டு, ½ρCAv² என்ற தடைவிசையை (ρ காற்றின் அடர்த்தி, C இழுவைக் கெழு, A துளியின் குறுக்குவெட்டுப் பரப்பு, v வேகம்) எடைக்குச் சமப்படுத்துங்கள், விநாடிக்கு 6.6 மீட்டர் கிடைக்கும். (காற்றின் மிதப்பு விசை எடையில் ஏறத்தாழ எண்ணூற்றில் ஒரு பங்கே என்பதால் விட்டுவிடலாம்.) 1949-இல் கன், கின்சர் ஆகியோர் அளந்து வெளியிட்ட மதிப்பும் ஏறக்குறைய 6.5 மீட்டர்தான்.

கேட்டவர்

மிக்க நன்றி, ஐயா. முற்றுத் திசைவேகத்தில் முடுக்கம் சுழி என்றால், அப்போது ஈர்ப்பு விசை செயல்படவில்லை என்று கொள்ளலாமா?

பதில் 2

கூடாது. அந்த 41 மைக்ரோ நியூட்டன் தொடக்கம் முதல் தரையைத் தொடும்வரை குறைவதே இல்லை. விழத் தொடங்கும் கணத்தில் தடைவிசை சுழி என்பதால் முடுக்கம் 9.8 மீ/வி², வேகம் கூடக் கூடத் தடைவிசை வளர்ந்து, அசையாத காற்றில் பத்து மீட்டர் விழுவதற்குள்ளாகவே எடையை ஏறத்தாழ எட்டிவிடுகிறது. நிகர விசைதான் சுழியாகிறதே தவிர, ஈர்ப்பு விசை அன்று.

பதில் 3

ஒரு திருத்தம். கோளம் என்ற கணிப்பு 2 மி.மீ. விட்டம்வரை பரவாயில்லை. 4, 5 மி.மீ. விட்டமுள்ள துளியின் அடிப்பகுதி காற்றழுத்தத்தால் தட்டையாகி, துளி பன் ரொட்டியின் வடிவத்துக்கு வந்துவிடும்; படங்களில் வரையப்படும் கூர்முனைக் கண்ணீர்த்துளி வடிவம் வெறும் கற்பனை. அகலம் கூடுவதால் தடையும் கூடுகிறது, அதற்கும் பெரிதானால் துளி உடைந்து சிதறுகிறது. ஆகவே எவ்வளவு பெரிய மழையானாலும், அசையாத காற்றில் துளியின் வேகம் விநாடிக்கு 9 மீட்டர் அளவிலேயே நின்றுவிடுகிறது. உங்கள் குடைக்கு ஆபத்து காற்றால்தான்.